மலைத் தோட்டத்து வார்டில் ஒரு புதிய டாக்டர்

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. தொலைவு ஏறத்தாழ 64 கிலோமீட்டர். இன்று பேருந்தில் சன்னலோரம் அமர்ந்து, ஆழியாறு அணையைப் பார்த்துக்கொண்டே ஏறிவிடுகிறோம். ஆங்கிலேயர் காலத்தில் இம்மலைக்கு ஏறியவர்களுள் பெரும்பாலோர் கூலி வேலைக்காகச் சமவெளிக் கிராமங்களிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள். அவர்களுக்குப் பின்னால், மிகச் சிறிய எண்ணிக்கையில், வேறொரு வகையினரும் ஏறினார்கள். மருத்துவப் பள்ளியிலோ கல்லூரியிலோ தேர்வு எழுதி வெற்றி பெற்று, தோட்ட மருத்துவமனையில் வேலை ஏற்க வந்த இளம் டாக்டர்கள் அவர்கள். புத்தகத்தில் படித்த மருத்துவத்துக்கும் வார்டில் செய்ய வேண்டிய மருத்துவத்துக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதை அறிய விரும்பினால், அவர்களுடைய கதையைவிடப் பொருத்தமான கதை நமக்குக் கிடைக்காது.

அந்தத் தூரத்தைக் கடப்பதற்கு நகரங்களில் ஒரு பாலம் இருந்தது. அதற்கு ஹவுஸ் சர்ஜன் பதவி என்று பெயர். 'ஹவுஸ்' என்பது இங்கே மருத்துவமனையைக் குறிக்கும். மருத்துவமனையிலேயே தங்கி, மூத்த மருத்துவரின் கண் முன்னால் வேலை செய்பவர் ஹவுஸ் சர்ஜன். பகலில் பேராசிரியர் சொல்லிவிட்டுப் போனதை இரவில் நிறைவேற்றுபவர் அவரே. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1912-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை அரசு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாக அமர்ந்த முதல் பெண்மணியும் அவரே. அமெரிக்காவில் 1889-இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஆஸ்லர், ஹால்ஸ்டெட் ஆகிய இருவரும் இந்த ஏற்பாட்டை ஒரு கல்வி முறையாகவே வளர்த்தெடுத்தார்கள். நோயாளியின் கட்டிலருகே நின்றுதான் மருத்துவம் கற்க வேண்டும் என்பது ஆஸ்லரின் கொள்கை.

ஆனால் இந்தப் பாலத்தின் மீது எல்லாரும் நடந்துதான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் நெடுங்காலம் வரையில் இல்லை. இங்கிலாந்திலேயே, தேர்வில் தேறியவர் ஓராண்டு மருத்துவமனையில் வேலை பார்த்த பின்னரே முழுப் பதிவு பெறலாம் என்ற விதி 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகத்தான் வந்தது. அதற்கு முன்பு, நேற்று வரையில் மாணவராக இருந்தவர் இன்று காலை தனியாக ஒரு மருத்துவமனைக்குப் பொறுப்பேற்கலாம். சட்டம் தடுக்காது. வால்பாறையில் நடந்ததும் இதுதான்.

அன்றைய இந்தியாவில் மருத்துவர்கள் இரு வகையினர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்கள் ஒரு வகை. மருத்துவப் பள்ளிகளில் ஏறத்தாழ நான்காண்டுகள் பயின்று எல்.எம்.பி. என்னும் பட்டயம் பெற்றவர்கள் மற்றொரு வகை. 1943-இல் அமைக்கப்பட்டு 1946-இல் அறிக்கை அளித்த போர் குழு, பிரிட்டிஷ் இந்தியாவில் பதிவு பெற்ற மருத்துவர்கள் ஏறத்தாழ 47,500 பேர் என்று கணக்கிட்டது. அவர்களுள் பட்டதாரிகள் சுமார் 17,600 பேரே. மற்றவர்கள் பட்டயக்காரர்கள். சராசரியாக 6,300 மக்களுக்கு ஒரு டாக்டர். சராசரி என்பது சில நேரம் நம்மை ஏமாற்றிவிடும். டாக்டர்களுள் பெரும்பாலோர் நகரங்களில் இருந்தபடியால், மலையிலும் கிராமத்திலும் இருந்தவர்களுக்குக் கிடைத்த பங்கு இதைவிட மிகவும் குறைவு.

இனி மலைக்கு வருவோம்.

ஆனைமலைத் தொடரில் காப்பிப் பயிர் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கியது. பெரிய அளவில் தேயிலை வந்தது அந்த நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலுமாகும். தோட்டங்களை உருவாக்கிய கார்வர் மார்ஷ் என்ற துரைக்குக் கவர்க்கல் அருகே சிலை இருக்கிறது. காட்டை வெட்டியவர்களுக்குச் சிலை இல்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 அடி உயரம். தென்மேற்குப் பருவத்தில் விடாத மழை. இப்பகுதியிலுள்ள சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிகுதியான மழை பெறும் இடங்களுள் ஒன்று. மழைக்கும் குளிருக்கும் பழகாத சமவெளி மக்கள், மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணத்துக்காக இங்கே வந்து லைன் வீடுகளில் குடியேறினார்கள்.

காட்டை வெட்டியதில் எவரும் எதிர்பாராத ஒரு விளைவு இருந்தது. மரநிழலில் மறைந்து ஓடிக்கொண்டிருந்த சிற்றோடைகள் வெயிலுக்குத் திறந்துவிடப்பட்டன. மெதுவாக ஓடும் தெளிந்த நீர், கரையோரத்தில் புல், மேலே வெயில். அனாபிலிஸ் புளுவியாட்டிலிஸ் என்னும் மலை நாட்டுக் கொசுவுக்கு இதைவிட வசதியான பிறப்பிடம் வேறில்லை. இக்கொசு மனித இரத்தத்தை விரும்பும், வீட்டுக்குள்ளேயே தங்கும். லைன் வீடுகளோ நீருக்காக ஓடையை ஒட்டியே கட்டப்பட்டன. ஓடை, கொசு, மலேரியாக் கிருமியைத் தம் இரத்தத்தில் சுமந்த மனிதர், புதிதாக வந்து சேர்ந்த மனிதர் எல்லாம் ஒரே இடத்தில் கூடிவிட்டால் என்ன நடக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். (மலேரியா கொசுவால் பரவுகிறது என்பதை 1897 ஆகஸ்டில் செகந்தராபாத்தில் நிறுவத் தொடங்கிய ரொனால்டு ராஸ், அதே ஆண்டில் நம் உதகைக்கு அருகிலுள்ள சிகூர்க் கணவாயில் ஆராய்ச்சிக்குப் போய், கொசுவலைக்குள் படுத்தும் தாமே மலேரியாவில் விழுந்தார். நீலகிரி அடிவாரத்துக் கொசுக்கள் அவருக்கு அளித்த பாடம் அது.)

இப்போது அந்த இளம் டாக்டரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். பருவமழைக் காலம். காலை நேரம். வெளியே கம்பளி போர்த்து நடுங்கியபடி வரிசையாகக் காய்ச்சல்காரர்கள். நீங்கள் தேர்வில் எழுதிய விடை உங்கள் நினைவில் பத்திரமாக இருக்கிறது: மலேரியா என்றால் குளிர் நடுக்கம், கொதிக்கும் காய்ச்சல், பின்னர் வியர்வை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். வரிசையில் நிற்பவர்களுள் எத்தனை பேர் அந்த விடையைப் போல இருக்கிறார்கள்? சிலர்தான். உயிரைக் குடிக்கும் பால்சிபாரம் வகைக் காய்ச்சல் முறை தவறாமல் வர வேண்டும் என்ற கட்டாயமில்லை. அது தொடர்ந்தே இருக்கும். சில நேரம் வாந்தி பேதியாகத் தோன்றும். சில நேரம் நோயாளி பிதற்றத் தொடங்குவார். சில நேரம் காய்ச்சலே இல்லாமல் மயங்கிக் கிடப்பார். அதே வரிசையில் டைபாயிடு இருக்கிறது, நிமோனியா இருக்கிறது, சீதபேதி இருக்கிறது. எல்லாரும் சொல்வது ஒன்றே: "காய்ச்சலுங்க."

கல்லூரி வார்டில் ஒரு நோயாளிக்கு ஒரு நோய் என்று கற்றுக்கொடுத்தார்கள். தோட்ட வார்டில் ஒரே உடம்பில் மூன்று நோய்கள் குடியிருந்தன. வெறுங்காலுடன் ஈர மண்ணில் நடப்பவரின் தோலைத் துளைத்துக்கொண்டு கொக்கிப்புழுவின் இளவுயிரி உள்ளே போகிறது. குடலில் தங்கி நாள்தோறும் சிறிது சிறிதாக இரத்தத்தைக் குடிக்கிறது. மலேரியாக் கிருமி செவ்வணுக்களை உடைக்கிறது. உணவில் சத்து இல்லை. இந்த நிலையில் ஒரு பெண் கருவுற்றால் அவருடைய இரத்தச்சோகை எவ்வளவு கடுமையாகும்! 1928 முதல் சில ஆண்டுகள் பம்பாயிலும் குன்னூரிலும் ஆராய்ச்சி செய்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர், ஏழைக் கர்ப்பிணிகளின் ஒரு வகைச் சோகை உணவுக் குறைவால் வருவது என்று காட்டினார். ஈஸ்ட் சத்தைக் கொடுத்தபோது அது குணமாயிற்று. அந்தச் சத்திலிருந்த பொருளே பின்னர் போலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் மாத்திரைக்குள் அந்த ஆராய்ச்சி இருக்கிறது.

ஆகவே புதிய டாக்டர் முதலில் கற்க வேண்டியிருந்தது தம் கைகளையும் கண்களையும் நம்பும் கலையாகும். கீழிமையை விலக்கிப் பார்த்தால் சோகையின் அளவு தெரியும். இடது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னால், வீங்கிய மண்ணீரல் வந்து விரலில் முட்டும். ஒரு லைனிலுள்ள குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, எத்தனை பேருக்கு மண்ணீரல் தட்டுப்படுகிறது என்று எண்ணினால், அந்த லைனில் மலேரியா எவ்வளவு வேரூன்றியிருக்கிறது என்பதே புலனாகிவிடும். இதற்கு மின்சாரம் தேவையில்லை. பத்து விரல்கள் போதும்.

நுண்ணோக்கி இருந்த இடத்தில் இன்னொரு வழியும் இருந்தது. விரல் நுனியில் குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து, லீஷ்மன் சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பு நிறச் செவ்வணுவுக்குள் நீல நிறத்தில் ஒரு சிறு மோதிரமும் அதன் மேல் செந்நிறப் புள்ளியும் தெரிந்தால் அது மலேரியாக் கிருமி. மாணவராயிருந்தபோது இதைக் காண்பது எளிது. ஏனெனில் ஆசிரியர் முன்கூட்டியே நல்ல சில்லாகப் பார்த்து நுண்ணோக்கியில் பொருத்தி வைத்திருப்பார். தாமே குத்தி, தாமே தேய்த்து, தாமே சாயம் ஏற்றிய சில்லில் முதல் பத்து நாட்கள் சாயத் துகள்களைத்தவிர வேறெதுவும் தெரியாது. மழைக்காலத்து ஈரத்தில் சில்லு உலர்வதும் இல்லை.

சிகிச்சையிலும் இப்படித்தான். கொய்னா கொடுத்தால் மலேரியா அடங்கும் என்பது உண்மை. எவ்வளவு, எத்தனை நாள் என்பதே கேள்வி. காய்ச்சல் இறங்கியவுடன் தொழிலாளி மருந்தை விட்டுவிடுவார், கசப்பு அப்படி. வேலைக்குப் போனால்தான் கூலி என்பதால் மருத்துவமனையையும் விட்டுவிடுவார். இவ்வாறு அரைகுறையாகக் கொய்னா உண்டவர்களுக்குச் சில நேரம் 'கருநீர்க் காய்ச்சல்' வரும். செவ்வணுக்கள் திடீரென்று கூட்டம் கூட்டமாக உடைந்து, சிறுநீர் கறுத்துவிடும். கொய்னா கொடுக்காவிட்டால் மலேரியா கொல்லும். இந்த நிலையில் கொடுத்தாலோ கொய்னாவே கொல்லக்கூடும். தொலைபேசியில் பேராசிரியரைக் கேட்கலாம் என்பதற்கு இது சென்னை அன்று. கீழே அனுப்பலாம் என்றால், அத்தனை வளைவுகளையும் அந்த நோயாளி தாங்க வேண்டும். இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத ஒருவர், அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் தனியாக முடிவு செய்ய வேண்டிய காரியம் இது. தவறினால் விடியும்போது தெரிந்துவிடும்.

அவர் முற்றிலும் தனியாகவும் இல்லை. வார்டில் அவருக்கு முன்பே டிரஸ்ஸர் இருந்தார், கம்பவுண்டர் இருந்தார். பல தோட்டங்களில் தகுதி பெற்ற டாக்டரே இல்லாத காலத்தில் மருத்துவமனையை நடத்தி வந்தவர்கள் இவர்கள்தாம். புண்ணைக் கட்டுவது, ஊசி போடுவது, கலவை மருந்து தயாரிப்பது ஆகியவற்றில் இவர்களுடைய கை தேர்ந்த கை. எந்த லைனில் யார் வீட்டில் பிரசவம் நெருங்கியிருக்கிறது, யார் மருந்தை வாங்கி வெளியே கொட்டிவிடுவார் என்பதெல்லாம் இவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்த டாக்டருக்கு அந்த நோயாளிகளின் பெயரே தெரியாது. ஆனால் ஏன் ஒரு மருந்தைக் கொடுக்கிறோம், எப்போது நிறுத்த வேண்டும் என்பது டிரஸ்ஸருக்குக் கற்பிக்கப்படவில்லை; பழகிய மருந்தையே எல்லாக் காய்ச்சலுக்கும் கொடுத்துப் பழகியவர் அவர். தம்மைவிட இளையவரிடம் கட்டளை பெறுவது அவருக்குக் கசக்கும். படிக்காதவரிடம் பாடம் கேட்பது டாக்டருக்குக் கசக்கும். இந்த இரு கசப்புகளையும் விழுங்கியவர்களுடைய வார்டில் நோயாளிகள் பிழைத்தார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். இன்றைக்கும் ஒரு பயிற்சி மருத்துவருக்கு முதல் இரத்தக் குழாய் ஊசியைச் சரியாகப் போடக் கற்றுக்கொடுப்பவர், பெரும்பாலும் வார்டில் பல ஆண்டுகள் பழகிய செவிலியர்தானே!

இதுவரை சொன்னவை மருத்துவத்தைப் பற்றிய சிக்கல்கள். இவற்றைவிடக் கடினமான ஒன்று, எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாதது, ஒரு துண்டுக் காகிதத்தில் இருந்தது.

ஒருவர் வேலைக்குத் தகுதியா, இல்லையா என்று எழுதிக் கொடுப்பது டாக்டரின் வேலை. காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் குறைந்தால் கங்காணி துரைக்குப் பதில் சொல்ல வேண்டும். துரை கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும். டாக்டருக்குச் சம்பளம் கொடுப்பதும் அதே கம்பெனி. காய்ச்சல் விட்ட மறுநாள், கால்கள் தள்ளாட நிற்கும் ஒருவரை மழையில் கொழுந்து பறிக்க அனுப்புவதா? 'ஓய்வு' என்று எழுதினால் டாக்டர் இரக்கம் மிகுந்தவர், ஏமாளி என்று ஆபீஸில் பெயர் வரும். 'வேலைக்குத் தகுதி' என்று எழுதினால் அன்று மாலையே அதே ஆள் நிமோனியாவோடு திரும்பி வரலாம். இரண்டாவது சிக்கலும் உண்டு. ஓய்வு என்று எழுதினால் அன்றைய கூலி போய்விடும் என்பதால், நடக்க முடியாத தொழிலாளியே தம்மைத் தகுதியென்று எழுதச் சொல்லிக் கெஞ்சுவார். மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணம் தீராதவரையில் ஊருக்குத் திரும்புவதற்கில்லை. கூலி வேலையை ஒப்பந்தப்படி முடிக்காதவரைக் குற்றவாளியாகக் கருதிய 1859-ஆம் ஆண்டுச் சட்டம் 1925-இல்தான் நீக்கப்பட்டது. சட்டம் போயிற்றே தவிர, முன்பணம் போகவில்லை.

இதே காலத்தில் வேறொரு நாட்டில் வேறு விதமாக நடந்ததைப் பாருங்கள். 1919-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற ஏ. ஜே. குரோனின், வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கப் பகுதியான டிரெடீகருக்கு 1921-இல் வேலைக்குப் போனார். அங்கே சுரங்கத் தொழிலாளர்கள் தம் கூலியிலிருந்து வாரந்தோறும் சிறு தொகை செலுத்தித் தாங்களே ஒரு மருத்துவ உதவிச் சங்கம் நடத்தினார்கள். டாக்டருக்குச் சம்பளம் கொடுப்பது நோயாளிகளே! அதில் வேறொரு சங்கடம் இருந்தது. குரோனின் 1937-இல் எழுதிய 'தி சிட்டாடல்' என்னும் நாவலில், உடல்நலமுள்ள ஒரு தொழிலாளிக்குப் பொய்ச் சான்றிதழ் தர மறுக்கும் இளம் டாக்டர் தம் நோயாளிகளை இழக்கிறார். வால்பாறையில் உண்மைச் சான்றிதழ் எழுதினால் துரைக்குக் கோபம். டிரெடீகரில் பொய்ச் சான்றிதழ் எழுதாவிட்டால் நோயாளிக்குக் கோபம். இரண்டும் ஒன்றல்ல. ஓரிடத்தில் டாக்டருக்கு நோயாளியே எசமானர். மற்றோரிடத்தில் நோயாளியின் எசமானரே டாக்டருக்கும் எசமானர். அந்த டிரெடீகர் சங்கத்தை அறிந்து வளர்ந்த அனூரின் பெவான் என்ற சுரங்கத் தொழிலாளியின் மகன்தான் 1948-இல் பிரிட்டன் முழுவதற்கும் இலவச மருத்துவத் திட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர்.

1930-களின் இறுதியிலிருந்து டாக்டரின் கையில் உண்மையான ஆயுதங்கள் வந்து சேரத் தொடங்கின. 1938-இல் எம் அண்டு பி 693 என்னும் சல்பா மருந்து வந்தது. பர்மிங்காம் மருத்துவமனை ஒன்றில் நிமோனியா நோயாளிகள் நூறு பேருக்கு அதைக் கொடுத்தும், வேறு நூறு பேருக்குக் கொடுக்காமலும் பார்த்தார்கள். கொடுக்காதவர்களுள் 27 பேர் இறந்தனர். கொடுத்தவர்களுள் 8 பேர். மழையில் நனைந்து நனைந்து நிமோனியாவில் விழும் மக்களிடையே வேலை செய்யும் ஒரு டாக்டருக்கு இந்த இரு எண்களுக்குமிடையே உள்ள வேறுபாடு என்னவாகத் தோன்றியிருக்கும்!

மலேரியாவில் மட்டும் நிலைமை முன்னேறுவதற்கு முன்பு பின்னடைந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ஜாவாவைப் பிடித்தார்கள். உலகின் கொய்னாவில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அந்தத் தீவிலிருந்தே வந்துகொண்டிருந்தது. வால்பாறைக்கு அருகே சிங்கோனா என்ற பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது; கொய்னா எடுக்கும் சிங்கோனா மரங்களை அரசாங்கம் பயிரிட்ட இடம் அது. இன்று அங்கே அரசுத் தேயிலைக் கழகத்தின் தேயிலை வளர்கிறது. உள்நாட்டுப் பட்டை நாட்டின் தேவைக்குப் போதாமையால் மெப்பகிரின் என்ற செயற்கை மருந்தைக் கொடுத்தார்கள். அதை உண்டவர்களின் தோல் மஞ்சளாகிவிடும். காமாலை வந்துவிட்டதென்று நோயாளி அஞ்சினால், அவருக்கு விளக்கிச் சொல்வதும் டாக்டரின் வேலையாயிற்று.

போர் முடிந்த பின்னர் டி.டி.டி. வந்தது. பால் முல்லர் 1939-இல் அதன் பூச்சிக்கொல்லும் தன்மையைக் கண்டறிந்து 1948-இல் நோபல் பரிசு பெற்றார். வீட்டுச் சுவரில் தங்கி இளைப்பாறும் கொசுவுக்கு, சுவரில் தெளித்த டி.டி.டி. எமனாக அமைந்தது. நாடு விடுதலை பெற்றபோது ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா, எட்டு லட்சம் சாவுகள் என்று மதிப்பிட்டிருந்தார்கள். தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1953-இல் தொடங்கியது. 1960-களின் நடுவில் நோய் மறைந்தேவிட்டது என்று தோன்றியது. 1976-இல் 64 லட்சம் பேருக்குத் திரும்பி வந்தது. கொசுவும் பாடம் கற்கும் என்பதை மறந்துவிட்டோம்.

இளம் டாக்டரின் நிலையையும் சட்டம் சற்று மாற்றியது. 1947-இல் லாயிட் ஜோன்ஸ் என்ற மருத்துவ அதிகாரி தேயிலைத் தோட்டங்களில் எத்தகைய மருத்துவ வசதி இருக்க வேண்டும் என்பது குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. மருத்துவ வசதி துரையின் கருணை என்ற நிலை மாறி, தோட்ட முதலாளியின் கடமை என்றாயிற்று. நோய்க்கால உதவித் தொகையும் பேறுகால உதவியும் சட்டத்தில் இடம்பெற்றன. 'ஓய்வு' என்று டாக்டர் எழுதும் காகிதத்துக்குப் பின்னால் இப்போது கொஞ்சம் பணமும் இருந்தது. இதனால் நோயாளியின் கெஞ்சல் குறைந்திருக்கும்.

போர் குழு இரு வகை டாக்டர்கள் கூடாது, ஒரே தரம் போதும் என்று சொன்னதால் எல்.எம்.பி. படிப்பு மறைந்தது. அது நன்மையா என்று அன்றே குழுவுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது; மலைக்கும் கிராமத்துக்கும் போனவர்கள் பட்டயக்காரர்களே என்று எண்ணுபவர்களுக்கு இன்றும் அந்த ஐயம் தீரவில்லை. எனக்கும் முழுவதும் தீரவில்லை. அதே குழு, டாக்டராகப் போகிறவர் சமுதாய நல மருத்துவத்தில் மூன்று மாதம் பயிற்சி பெற வேண்டும் என்றும் சொல்லியிருந்தது. மருத்துவமனைக்கு வெளியே, நோய் பிறக்கும் இடத்திலேயே நோயைப் பார்க்கும் பயிற்சி அது. ஓடைக்கரையில் நின்று லைன் வீட்டைப் பார்த்தால் வார்டு ஏன் நிரம்புகிறது என்று விளங்கும் அல்லவா? இன்று எம்.பி.பி.எஸ். தேறியவர்கள் அனைவரும் 12 மாதப் பயிற்சியை முடித்தே ஆக வேண்டும். 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி அதில் 12 வாரம் சமுதாய மருத்துவத்துக்கு உரியது.

பாலம் கட்டாயமாகிவிட்டதே தவிர, அதில் நடப்பது எளிதாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். உறக்கமில்லாத வேலை நேரம் இந்தத் தலைமுறையின் கருநீர்க் காய்ச்சல். 24 மணி நேரத்துக்கும் மேலாகத் தொடர்ந்து வேலை செய்யும் முறையையும், நேரத்தைக் குறைத்த முறையையும் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத் தீவிர சிகிச்சை வார்டுகளில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பழைய முறையில் பயிற்சி மருத்துவர்கள் செய்த கடுமையான தவறுகள் 36 விழுக்காடு மிகுதி என்று 2004-இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. களைப்பு என்பது வீரம் அல்ல, அது ஒரு நோய்க்காரணி என்று இதற்குப் பொருள். வால்பாறையில் ஒரே டாக்டராக இருந்தவருக்கு இரவு எது, பகல் எது?

அப்படி அங்கே இருந்தவர்களுள் ஒருவரைப் பற்றி மட்டும் நாம் ஓரளவு அறிவோம். பால் ஹாரிஸ் டேனியல் 1940-களில் வால்பாறைப் பகுதித் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றத் தொடங்கியவர். நோயாளியிடம் நோய் வரலாறு கேட்பது எல்லா டாக்டர்களும் செய்வதுதான்: எப்போது தொடங்கியது, எப்படித் தொடங்கியது, வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது. டேனியல் அந்தக் கேள்விகளைக் காய்ச்சலோடு நிறுத்திக்கொள்ளவில்லை. எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், எவ்வளவு முன்பணம், உடன் வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று முதிய தொழிலாளர்களைக் கேட்டார். அவர்கள் சொன்ன 1920-களின் கதைகளைக் கொண்டு ஆங்கிலத்தில் 'ரெட் டீ' என்ற நாவலை எழுதி 1969-இல் வெளியிட்டார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மேஸ்திரியின் பேச்சை நம்பி மலையேறும் கருப்பன், வள்ளி என்னும் கணவன் மனைவியின் கதை அது. பிற்பகுதியில் ஆபிரகாம் என்ற தகுதி பெற்ற டாக்டர் தோட்டத்துக்கு வருகிறார். அதுவரையில் அந்த மருத்துவமனை எந்த நிலையில் கிடந்தது என்பதை அவர் கண்களால் நாம் பார்க்கிறோம். கதைதான், ஆனால் வார்டு நாற்றமும் மருந்துக் கணக்கும் தெரிந்த ஒருவர் எழுதிய கதை என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது.

நாவல் தமிழுக்கு வர 38 ஆண்டுகள் ஆயின. 2007-இல் இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் அதை மொழிபெயர்த்தார். அதைத் தழுவி 2013-இல் இயக்குநர் பாலா 'பரதேசி' திரைப்படத்தை எடுத்தார். திரைப்படத்தில் டாக்டரின் பாத்திரம் அடையாளம் தெரியாதபடி மாறிவிட்டது. மருத்துவம் பயிலும் மாணவர்கள் படத்தைப் பார்த்ததோடு விட்டுவிடாமல், நூலகத்தில் நாவலைத் தேடி எடுத்து, ஆபிரகாம் முதன்முதலாக அந்த மருத்துவமனைக்குள் நுழையும் பகுதியை ஒரு முறை படித்துப் பாருங்கள்.